போரை மக்கள் யாரும் கேட்பதில்லை, தலைவர்கள்தான் இழுத்துவிடுகிறார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி நமக்குச் சங்கடமானது.

1982 மார்ச் 30. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. விலைவாசி தாங்காமல் தொழிற்சங்கத்தினர் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள பிளாசா டி மாயோ சதுக்கத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பினார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, கும்பல் கும்பலாகக் கைது.

மூன்றே நாள். ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாப் படை பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. அதே சதுக்கம் கொடிகளோடு நிரம்பி வழிந்தது. மாளிகை பால்கனியில் நின்று கையசைத்தவர், மூன்று நாள் முன்பு அதே ஜனங்கள் திட்டித் தீர்த்த ராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் கால்டியரி.

அந்தத் தீவுகளில் இருந்தது சுமார் 1,800 பேரும் ஏகப்பட்ட ஆடுகளும்தான். ஆனால் 1833-இல் பிரிட்டனிடம் பறிபோன 'மால்வினாஸ்' (ஃபாக்லாந்துக்கு அவர்கள் வைத்த பெயர்) நம்முடையது என்று பாடம் படித்தே வளர்ந்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். தீக்குச்சி ராணுவத்தின் கையில் இருந்தது. வைக்கோலைப் பள்ளிக்கூடத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்கள்.

(நானும் யோக்கியன் இல்லை. எல்லையில் பதற்றம் என்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தளபதி ஆகிவிடுவார். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.)

கால்டியரி பெரிய சண்டை வரும் என்றே எதிர்பார்க்கவில்லை. சுமார் 13,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரிட்டன் இதற்காகவா கப்பல் அனுப்பப்போகிறது? அந்தப் பக்கம் ரோந்து போன எண்டியூரன்ஸ் கப்பலையே திரும்பப் பெறப்போவதாக 1981-இல் பிரிட்டன் சொல்லியிருந்தது. கடையை மூடப் போகிறார்கள் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

அவர் பார்க்கத் தவறியது லண்டன் அரசியலை. அங்கே வேலையில்லாதவர்கள் 30 லட்சம். பிரதமர் தாட்சர் மீது ஏகக் கசப்பு. தீவை விட்டுக்கொடுத்தால் அவர் நாற்காலி போயிருக்கும். கைதட்டல் வாங்கிவிட்ட கால்டியரியாலும் இறங்கிவர முடியவில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க் இரண்டு பக்கமும் பறந்து பறந்து பேசினார், பலிக்கவில்லை.

74 நாள். அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டன் தரப்பில் 255 பேர், தீவுவாசிகளில் மூன்று பெண்கள். பிரிட்டன் மூழ்கடித்த அர்ஜென்டினாப் போர்க்கப்பல் ஜெனரல் பெல்கிரானோவோடு மட்டும் 323 பேர் போனார்கள். தீவுகளில் பனியில் பதுங்கு குழிக்குள் கிடந்த அர்ஜென்டினா வீரர்களில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்.

ஜூன் 14 அன்று சரணடைந்தார்கள். மறுநாள் அதே சதுக்கத்தில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் கண்ணீர்ப்புகை. இந்த முறை ஆத்திரம், ஏன் சரணடைந்தாய் என்று.