கோயிலுக்குக் கூப்பிடுவது எப்படி? ஓய்வுபெற்ற சேகரகுரு (சபைப் போதகர்) ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) வந்து பார்க்கிறேன் என்கிறார்கள். எந்த ஆராதனைக்கு அழைத்து வரலாம்?

பதில்: அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை வேண்டாம், சகோதரி. தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் பந்திக்கு எழுந்து போகும்போது அவர்கள் மட்டும் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்க நேரிடும். அறுப்பின் பண்டிகை நல்லது. அன்று அசனமும் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே பேச வழியுண்டு. முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பாட்டு எண்ணைப் பார்த்துப் பாமாலையை (பாட்டுப் புத்தகத்தை) திறந்து கையில் கொடுங்கள். காணிக்கைப் பையில் எதுவும் போடத் தேவையில்லை என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டால், பை நெருங்கும்போது பர்ஸைத் தேடித் தவிக்கமாட்டார்கள். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி மைக்கில் அறிவிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், முந்தின நாளே சபை ஊழியரிடம் பேசி அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகக் கோயிலுக்கு வருவதில்லை. தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

பதில்: தினமும் சொல்வதை நிறுத்துங்கள், அம்மா. மனைவி போதனை செய்யாமலே தன் நடக்கையினால் கணவனை ஆதாயப்படுத்தலாம் என்று 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளைகள் முன்னால் அவரைக் குத்திக்காட்டவே கூடாது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் கிடக்கும் தோழியிடம், கோயிலுக்கு வந்தால் சுகம் கிடைக்கும் என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. நோயையும் துக்கத்தையும் தூண்டில் ஆக்காதீர்கள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள்; அவர் கேட்டால் ஜெபியுங்கள்.

கேள்வி: லூக்கா 14:23-இல், விருந்து உவமையில் வீட்டெஜமான் தன் ஊழியக்காரனிடம், ஜனங்களை "வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்கிறாரே? நீங்கள் சொல்வது சோம்பேறிகளின் ஊழியமாக இருக்கிறது.

பதில்: இதே வசனத்தை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் பேராயர் அகுஸ்தீனும் எடுத்துப் பேசினார். திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்துவாதிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அரசாங்கத்தின் பலத்தால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று, தாம் முன்பு கொண்டிருந்த கருத்தை மாற்றிக்கொண்டு, அதற்கு இந்த உவமையைத் துணைக்கு அழைத்தார். இங்கிலாந்தில் 1559-ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிறு ஆராதனைக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம் விதித்தது; 1581-இல் அது மாதத்துக்கு 20 பவுனாக உயர்ந்தது. பலன் என்ன? அபராதத்துக்குப் பயந்து வந்து உட்கார்ந்து, திருவிருந்தை மட்டும் தவிர்த்துவிட்டு வீட்டில் பழைய கத்தோலிக்க விசுவாசத்தையே காத்துக்கொண்ட ஒரு கூட்டம் உருவாயிற்று. பெஞ்சு நிரம்பியது, அவ்வளவுதான். உவமைக்கே வருவோம். அந்த ஊழியக்காரன் கையில் தடி இல்லை. தெருவோரத்து ஏழைகள், இவ்வளவு பெரிய விருந்து நமக்கா என்று கூசி நிற்பவர்கள். அந்தக் கூச்சம் தீரும்வரை அன்பாய்க் கேட்டுக்கொள்வதுதான் அவன் வேலை. இன்னொன்றையும் பாருங்கள்: யோவான் 6-இல் பலர் விலகிப் போனபோது, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்று இயேசு பன்னிருவரையே கேட்டார். கதவை அவர் அடைக்கவில்லை.

கேள்வி (அதே சகோதரர்): என் அப்பா பெல்ட்டைக் காட்டித்தான் என்னை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினார். இன்று நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேனே?

பதில்: உங்களோடு அதே பெல்ட்டைக் கண்டு வளர்ந்தவர்களில் இன்று கோயில் பக்கமே வராதவர்களையும் கூட்டிவந்து பேச வைத்தால் இந்த வாதத்தைத் தொடரலாம்.

கேள்வி: என் கணவரும் கோயிலுக்கு வர மறுக்கிறார், ஐயா...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மாமனார், மச்சான், மருமகன் எவருக்கும் அதே பதில்தான்.

கேள்வி: மற்றவர்களைக் கோயிலுக்கு அழைப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, அது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. இதற்கு மேல் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் பணம், வேலை, பள்ளிக்கூட இடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் அழைக்காதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். நோயைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஞாயிறுதோறும் போன் செய்து, கோயிலுக்குப் போனாயா என்று கேட்கிறேன். இப்போது அவன் போனையே எடுப்பதில்லை.

பதில்: சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுச் சாப்பாடு, வேலை, அறைத் தோழர்கள் பற்றிப் பேசுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டுக்கு வேனில் ஓரிடம் வைத்திருப்பதாக அவனுடைய பழைய நண்பர்களே சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம்.