பாரிஸைக் காப்பாற்றிய ஜெனரலா? கோல்டிட்ஸ் பற்றிக் கேள்வி பதில்

இந்த முறை டீட்ரிஷ் ஃபான் கோல்டிட்ஸ். 1944 ஆகஸ்டில் பாரிஸின் கடைசி ஜெர்மன் தளபதி, காலாட்படை ஜெனரல். ஹிட்லரின் உத்தரவை மீறி நகரை அழிக்காமல் காப்பாற்றினார் என்று இவருக்குப் பெயர். கேட்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: போருக்குப் பிறகு அவர் தன்னைப் பற்றி எழுதியதை அப்படியே நம்பிவிட்டு வராதீர்கள். தன் வழக்கில் தானே சாட்சி சொன்ன மனிதர் அவர்.

பீரங்கி: காலாட்படை ஜெனரல் என்றால் காலாட்படை முழுவதற்கும் தலைவரா?

இல்லை சார். அது ஒரு ராங்க், அவ்வளவுதான். லெஃப்டினன்ட் ஜெனரலுக்கு மேலே, கர்னல் ஜெனரலுக்குக் கீழே. எந்தப் படையில் வளர்ந்தாரோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இவருக்கு அது கிடைத்தது 1944 ஆகஸ்ட் 1. சரணடைந்தது அதே மாதம் 25.

புதியவள்: பாரிஸுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. 1894இல் சிலேசியாவில் பிறந்தவர், முதல் உலகப் போரிலும் சண்டையிட்டவர். 1940 மே 10 அன்று, 16ஆவது காலாட்படை ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனுடன் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வால்ஹாவன் விமானத்தளத்தில் இறங்கினார். கூடவே வந்த ஒரு சிறு குழு கடல்விமானங்களில் ஆற்றிலேயே இறங்கிப் பாலங்களைப் பிடித்தது. நான்கு நாள் சண்டை. 14ஆம் தேதி, சரணடைவுப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஜெர்மன் விமானங்கள் வந்து நகர மையத்தை எரித்தன. விமானங்களைத் திருப்பிவிடச் சிவப்பு ஒளிக்குண்டுகள் சுட்டார்கள். ஒரு பகுதி விமானங்கள் திரும்பின, மீதி குண்டு போட்டன. இறந்தவர்கள் ஏறக்குறைய 850 பேர். இவருக்கு நைட்ஸ் கிராஸ் என்ற உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

அப்புறம் அதே ரெஜிமெண்டின் தலைவராக, 1942இல் கிரிமியாவின் செவஸ்தபோல் முற்றுகை. அங்கே ரெஜிமெண்ட் கிட்டத்தட்ட அழிந்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் 84ஆவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதி எரிக் மார்க்ஸ் கொல்லப்பட, அந்த இடத்துக்கு வந்தார். ஜூலை 25இல் தொடங்கிய அமெரிக்கத் தாக்குதலில் அந்தக் கோர் நொறுங்கியது. ஆகஸ்ட் 7இல் பாரிஸ்.

சினிமாப்பிரியன்: "பாரிஸ் எரிகிறதா?" என்று ஹிட்லர் இவரிடம் போனில் கேட்டாராமே?

இவரிடம் இல்லை. கதைப்படியே பார்த்தாலும் அது ஹிட்லர் தன் தலைமையகத்தில், தன் ராணுவ ஆலோசகர் ஜெனரல் யோடலிடம் கேட்டது.

ரயில்பயணி: ஆனால் அழிக்கச் சொன்ன உத்தரவு நிஜம். பாரிஸின் பாலங்கள் நிற்பதும் நிஜம். அப்புறம் ஏன் இந்த மனிதரை இவ்வளவு இழுக்கிறீர்கள்?

உத்தரவு நிஜம்தான். எதிரி கையில் பாரிஸ் விழுந்தால் இடிபாடாகவே விழ வேண்டும் என்று ஆகஸ்ட் 23 உத்தரவு சொன்னது. ஆனால் கையில் இருந்ததைப் பாருங்கள்: பெரும்பாலும் காவல் படைகள், கொஞ்சம் டாங்குகள். 19ஆம் தேதியிலிருந்து நகரமே ஜெர்மானியருக்கு எதிராக எழுந்து நிற்கிறது, பிரெஞ்சு ஜெனரல் லெக்லெர்க்கின் கவசப் படை வந்துகொண்டிருக்கிறது. அழிக்க மறுத்தவரா, அழிக்க வசதி இல்லாதவரா? இரண்டும் கலந்தவர் என்பேன், இரண்டாவது தூக்கல். ஸ்வீடனின் கான்சல் ஜெனரல் நோர்ட்லிங்கோடு சண்டைநிறுத்தம் பேசினார் என்பதை மறுக்கவில்லை. அதே வாரத்தில்தான், 15ஆம் தேதி, பாரிஸை ஒட்டிய பான்டனிலிருந்து 2,000க்கும் அதிகமான கைதிகளோடு ரயில் புஹன்வால்டு, ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாம்களுக்குப் போனது. பாரிஸின் போலோன் காட்டில் 35 இளைஞர்கள் சுடப்பட்டார்கள். அந்த ரயில், அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் அவர் நேரடி உத்தரவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீட்பர் கதையில் ஏன் இவை வருவதே இல்லை?

ரயில்பயணி: காவல் படை போதும் சார், வெடிமருந்து இருந்தால் ஒரு பாலத்தை உடைக்க எத்தனை பேர் வேண்டும்?

இது நியாயமான அடி, ஏற்கிறேன். ஒன்றிரண்டு பாலங்களை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அதற்குரிய நன்றி அவருக்குப் போகட்டும். அதற்கு மேல் போனால் லண்டன் அருகே டிரெண்ட் பார்க்குக்கு வாருங்கள். சிறைப்பட்டதும் பிரிட்டிஷார் ஜெர்மன் ஜெனரல்களை அந்த வசதியான மாளிகையில் வைத்து, சுவரில் மைக் ஒளித்து எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஆகஸ்ட் கடைசியில், அங்கே கூட இருந்த ஜெர்மன் ஜெனரல் தோமாவிடம் இவர் சொன்னது அதில் இருக்கிறது: தான் செய்ததிலேயே மோசமான வேலை யூதர்களை ஒழித்தது, அந்த உத்தரவைக் கடைசி விவரம் வரை நிறைவேற்றியதாக. யாரும் அடிக்கவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. தானாகச் சொன்னது.

வரலாற்றுப்பித்தன்: ஹிட்லர் போன் செய்தது உண்மையா?

மேலே.

பச்சைக்கிளி: ரொம்மல் பற்றி?

வேறொரு நாள் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

புதியவள்: போருக்குப் பின் தண்டனை உண்டா?

இல்லைம்மா. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநில முகாமில் கைதியாக இருந்துவிட்டு 1947இல் விடுதலை. 1966இல் பாடன்-பாடனில் இறந்தார். டிரெண்ட் பார்க் பதிவுகள் புத்தகமாக வந்ததெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து.