செல் ஏன் சாகிறது என்று படிக்க ஆசைப்படும் மகள்: மஞ்சூர் தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ். சீட்டுக்குப் போதவில்லை. கோவையில் இன்னொரு வருடம் கோச்சிங் போடலாம் என்பது உங்கள் எண்ணம். அவளோ, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், மின்னூட்டம் கொண்ட அணுக்கள் போய்வரும் அயனி வாய்க்கால்கள் எப்படிச் செல்லைச் சாகடிக்கின்றன என்றுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா, இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான்; வேலையும் உண்டு. முதலில் அவள் எதைப் பார்த்து மயங்கியிருக்கிறாள் என்று சொல்கிறேன்.

நீங்கள் குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்ப்பவர். மேலே அணையில் தண்ணீர் நின்றால்தான் கீழே டர்பைன் சுற்றும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வும் புரோட்டான்களை ஒரு பக்கம் தேக்கிவைத்து, அவை திரும்பி இறங்கும் விசையில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தயாரிக்கிறது. இதைச் சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இரு பக்கத்துக்கும் நடுவே சுமார் 180 மில்லிவோல்ட் வித்தியாசம் நிற்கிறது. கால்சியம் உள்ளே போவதற்குத் தனி வாய்க்கால் உண்டு. அதன் புரதம் எது என்று 2011இல்தான் தெரிந்தது. கால்சியம் அளவாகப் போனால் உற்பத்தி கூடும். அளவு மீறினால் உள்சவ்வில் ஒரு பெரிய துளை திறந்து, தேக்கம் மொத்தமும் வடிந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும், செல் சாகும். இன்னொரு வழியில் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வைத் துளைக்கின்றன. அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிய, புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகள் கிளம்பி, செல்லை உள்ளிருந்தே பிரித்துப்போடுகின்றன.

மாரடைப்பில் அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும் அந்த நிமிடங்களில் இந்தத் துளை திறந்து இதயத்தசை சாகிறது. சைக்ளோஸ்போரின் மருந்து சோதனைக்கூடத்தில் துளை திறப்பதைத் தடுக்கிறது. ஆனால் 970 மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில் அது பலன் தரவில்லை. அந்தத் துளை எந்தப் புரதத்தால் ஆனது என்பதிலேயே இன்னும் சண்டை தீரவில்லை. அவள் கேட்பது பாடப்புத்தகத்தில் விடை இருக்கும் கேள்வி இல்லை ஐயா. 17 வயதில் அப்படி ஒரு கேள்வி வந்து பிடித்துக்கொள்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதில்லை.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். எலியின் கல்லீரலை எடுத்து, ஐஸில் வைத்து அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிப்பார்கள். அந்தக் கலங்கலான திரவத்தில் கால்சியம் சேர்த்து, 540 நானோமீட்டர் ஒளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துளை திறந்து வீங்க வீங்கக் கலங்கல் தெளியும், திரையில் கோடு சரியும். சைக்ளோஸ்போரின் போட்ட குப்பியில் அதே சரிவு தாமதமாக வரும். மாலைக்குள் முடிக்காவிட்டால் மாதிரி வீண். எலியைக் கொல்ல மனம் வராத பிள்ளைகள் உண்டு. அது தவறும் இல்லை. அவர்களுக்கு ஈஸ்ட்டிலும் வளர்ப்புச் செல்களிலும் இதே வேலை இருக்கிறது. இதை அவளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இனி வழி. இந்தத் துறை உயிரியல் பெயரில் இருந்தாலும் உள்ளே ஓடுவது மின்சாரமும் கணக்கும். அதனால் பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக, ஆய்வகமே சரியில்லாத தனியார் கல்லூரியில் லட்சங்களைக் கொட்டாதீர்கள். முதல் முயற்சி ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வாக இருக்கட்டும். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் மொத்தம் 60. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம், திருப்பதி. அது கிடைக்காவிட்டால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும். மூன்று வருடத்தில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கோ, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் இன்டகிரேட்டட் பிஎச்.டி.க்கோ போகலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

சம்பளம் தாமதமாகத்தான் வரும். அதை மறைக்க மாட்டேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. ஐந்தாறு வருடம் இழுக்கும். பேராசிரியர் வேலைக்குப் போட்டி கடுமை. ஆனால் அயனி வாய்க்கால்களில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கத் தெரிந்தவர்களை மருந்து நிறுவனங்கள் தேடுகின்றன. புது மருந்து எதுவானாலும் இதயத்துடிப்பு சீராக இருக்க உதவும் ஹெர்க் என்ற பொட்டாசியம் வாய்க்காலை அடைக்கிறதா என்று மனிதர்களுக்குக் கொடுக்கும் முன்பே சோதிக்கிறார்கள். கைத்தொழில் போல அந்த வித்தை அவளிடம் நிற்கும்.

மறுபடி நீட் எழுதுவது பற்றி: அவளுக்கே டாக்டராக ஆசை இருந்தால் ஒரு வருடம் கொடுக்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை உங்களுடையதாகத்தான் தெரிகிறது. கோச்சிங்குக்கு முன்பணம் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஐசர் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து அவளை எழுதச் சொல்லி, இயற்பியல், கணித மதிப்பெண்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எங்கே விண்ணப்பம் போடுவது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.