அவுட்லுக் விடாமல் கடவுச்சொல் கேட்டால்

வணக்கம் சகோதரம். நிலாவெளி வீட்டு மடிக்கணினியில் மெயில் பார்க்கும் செயலி அவுட்லுக் 2010, அதில் கொழும்புக் கந்தோரின் மைக்ரோசாப்ட் 365 மெயில். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் அதே பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது, பிரவுசரில் மட்டும் மெயில் திறக்கிறது என்று எழுதியிருந்தீங்கள்.

பிரவுசரில் திறந்தால் கடவுச்சொல்லில் பிழையில்லை. தயவுசெய்து அதை மாற்றிக்கொண்டிருக்காதேங்கோ. மாற்றிய பிறகும் உங்கள் போன் பழையதையே அனுப்பிக்கொண்டிருந்தால் அதிலும் மெயில் நின்றுவிடலாம்.

காரணம் வேறு. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பி உள்நுழையும் பழைய முறையை மைக்ரோசாப்ட் 2022 ஒக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வந்த புதிய முறை அவுட்லுக் 2010க்குத் தெரியாது. எத்தனை தரம் அடித்தாலும் உள்ளே விடாது.

2016 அல்லது அதற்குப் பிந்திய அவுட்லுக் வேணும். காசு கொடுத்து வாங்க முன்னம் கந்தோரில் கேளுங்கோ: மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் அவுட்லுக், வேர்ட் போன்ற ஆபீஸ் செயலிகளும் இருந்தால் ஒருவர் 5 கணினிகள் வரை நிறுவலாம். டவுனில் யாராவது கள்ளப் பிரதி போட்டுத் தரலாம் என்றால் வேண்டாம், கந்தோர் மெயில் அதுக்குள்ளேதானே இருக்கப்போகுது.

புதியதைப் போட்ட பிறகும் கேட்டால், கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மனேஜரை (கடவுச்சொற்கள் சேமிக்கப்படும் இடம்) திறந்து, அதில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் பெயரில் உள்ள பழைய பதிவுகளை அழித்துவிட்டு, கணினியை மீளத் தொடங்குங்கோ. அதுவரை பிரவுசரிலேயே வேலையைப் பாருங்கோ.