வின்னிபெக் ஏரியும் தூத்துக்குடித் தம்பியும்

கேள்வி: என் தம்பி சிறு வயதிலிருந்தே அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போனவன். இப்போது வேலைக்காகக் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து 14 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருக்கிறான். "சராசரி ஆழமே 12 மீட்டர்தான் அக்கா, நம்ம கடலுக்கு முன்னால இது குளம்" என்கிறான். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நீங்கள் அந்த ஏரியில் மீன் பிடிப்பவர் என்பதால் கேட்கிறேன். பயப்பட வேண்டுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மாவின் கவலை நியாயமானது. தம்பி சொல்லும் 12 மீட்டரும் சரிதான். ஆனால் இந்த ஏரியில் ஆபத்தே அந்த ஆழக் குறைவால்தான் வருகிறது.

வின்னிபெக் ஏரியின் பரப்பு சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய தண்ணீர், ஆழமில்லாத தட்டு போலக் கிடக்கிறது. காற்று பிடித்தால் நீண்டு உருண்டு வரும் அலை இங்கே எழாது. குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வரும். உங்கள் ஊர்க் கடலில் வள்ளம் ஓர் அலையில் ஏறி இறங்கி, அடுத்ததற்குத் தயாராக நேரம் கிடைக்கும். இங்கே முன்பக்கம் இறங்கும்போதே அடுத்த அலை மேலே விழுந்து படகுக்குள் தண்ணீர் வந்துவிடும். 14 அடிப் படகு அதைத் தாங்காது.

வாடை என்றால் என்னவென்று தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வாடை தொடர்ந்து அடித்தால் தெற்குப் பகுதியில் தண்ணீர் குவிந்து, மட்டம் ஒரு மீட்டர் வரைகூட ஏறும். கிம்லி துறைமுகத்திலிருந்துதான் நான் படகை இறக்குவேன். 1875-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. மீன்பிடித்தே வளர்ந்த ஊர். அங்கே பழைய மீனவர்கள் படகுத்துறையில் நின்று கொடிகளைப் பார்த்துவிட்டு, பேசாமல் காப்பி குடிக்கப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் கயிறை அவிழ்க்கக் கூடாது. இந்த ஏரிக்கென்றே அரசு வானிலை அறிவிப்பு வருகிறது. காற்றின் வேகம் 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் என்று அதில் இருந்தால் சிறிய படகில் நான் போக மாட்டேன்.

கடலில் வளர்ந்தவனுக்குப் பழக்கமே இல்லாத இன்னொன்று குளிர். ஏரியின் தெற்கில்கூடப் பனிக்கட்டி உருகி முடிய மே மாதமாகிவிடும். முட்டையிடும் காலத் தடை முடிந்து தூண்டில் போட அனுமதிப்பதும் மே மாதத்தில்தான். வெளியே வெயில் இதமாக இருக்கும், ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு வருவார்கள். தண்ணீரோ உறைநிலைக்குக் கொஞ்சம்தான் மேலே. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மிதவைச் சட்டை இல்லாதவர் அந்த 1 மணி நேரத்தைப் பார்க்கவே மாட்டார். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் சரி. படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் போட்டே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அக்கா. அம்மாவையும் சொல்லச் சொல்லுங்கள்.

மோட்டார் வைத்த படகை ஓட்ட, தேர்வு எழுதி வாங்கும் அட்டை வேண்டும். மீன்பிடி உரிமம் தனி. தூண்டில் முள்ளில் மீன் கழலாமல் பிடிக்கும் எதிர்முனை இருக்கக் கூடாது. குறடால் அமுக்கித் தட்டையாக்கினால் போதும். நூல் தளராமல் இழுத்தால் மீன் நழுவாது. 2013-இல் இந்த ஏரிக்குள் வரிச்சிப்பி (ஜீப்ரா மஸல்) என்ற வெளியூர்ச் சிப்பி நுழைந்துவிட்டது. அதனால் வேறு ஏரிக்குப் படகைக் கொண்டுபோகும் முன் நன்றாகக் கழுவி, தண்ணீரை வடித்து, காயவிட வேண்டும். இதில் தயவுசெய்து சோம்பல் வேண்டாம். இந்தச் சிப்பி ஓர் ஏரிக்குள் போய்விட்டால் வெளியேற்ற வழியே இல்லை.

மீன் விஷயத்தில் தம்பி அதிர்ஷ்டசாலி. வால்ஐ (walleye) மீன், இங்கே பிக்கரல் என்பார்கள், மங்கின வெளிச்சத்திலும் கண் தெரிகிற மீன். காலையிலும் அந்தியிலும், தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு ஓரங்களில் நன்றாகக் கடிக்கும். முள் குறைவு, வெள்ளைச் சதை. குழம்பில் போட்டால் உடைந்துவிடும், பொரித்தால் அருமை.

இந்த முதல் வருடம் ஏரியை விட்டுவிட்டு, வின்னிபெக்குக்கு வடக்கே லாக்போர்ட்டில் செந்நதி (ரெட் ரிவர்) கரையில் நின்று தூண்டில் போடட்டும். படகே வேண்டாம், பெரிய பெரிய கெளுத்தி கிடைக்கும். அப்புறம் கிம்லி மீனவர் யாருடனாவது ஏரிக்குள் போய்ப் பார்க்கட்டும். தனியாகப் படகெடுக்கும் நாள் வரும்போது, எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த ஒருவர் தூத்துக்குடியில் இருக்கும் நீங்களாக இருந்தால் பயனில்லை; வின்னிபெக்கில் உடனே உதவி கூப்பிடக்கூடியவராக இருக்கட்டும்.