கொடியில் காய்ந்த வேட்டி ஆளாகத் தெரிந்தது

கேள்வி: என் கணவருக்கு வயது 69. பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரே வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றியும், பேப்பரில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் கூடத்து மூலையில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான் என்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. உயிராக நினைத்த கச்சேரிகளைக்கூடக் கேட்பதில்லை. 'காத்து கருப்பு' என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. என் அப்பாவுக்கும் இதே நோய்தான். ஒரு நாள் கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்து, "வந்தவருக்குக் காபி கொடும்மா" என்றார். நரம்பியல் மருத்துவரான நானே, "அங்கே யாரும் இல்லைப்பா!" என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு என்ன தெரிந்தாலும் அவர் என்னிடம் சொல்வதில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. உங்கள் கணவர் உங்களிடம் சொல்கிறாரே, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள். "எனக்குத் தெரியலை, லைட்டைப் போட்டுப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். மங்கலான வெளிச்சத்தில்தான் இந்த உருவங்கள் அதிகம் வரும்.

இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நோயாலும் வரும், மருந்தாலும் வரும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களுக்கு இப்படி உருவங்களைக் காட்டலாம், கிட்டப் பார்வையையும் மங்கவைக்கலாம். சிறுநீரில் கிருமி இருந்தாலும் குழப்பம் வரும். ஆனால் பயந்துபோய், இந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இரட்டையாகத் தெரிவதற்குக் கண்ணாடியின் பவர் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கிட்டத்தில் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்ப வேண்டும். இந்த நோயில் அது தளர்ந்துவிடும். ஒரு கண்ணை மூடினால் எழுத்து ஒன்றாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கும் பிரிசம் வைத்த கண்ணாடி உதவக்கூடும். இமைப்பது குறைவதால் கண் வறண்டும் மங்கும், அதற்குச் சொட்டு மருந்து உண்டு. இந்த நோயில் மூளையில் குறைகிற டோபமின் என்ற ரசாயனம் விழித்திரையிலும் இருக்கிறது. அது குறையும்போது ஒரே மாதிரி நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அப்பாவுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டில் சோறு தெரியாது. வாழை இலையில் போட்டால் நன்றாகச் சாப்பிடுவார். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

முகத்தில் சிரிப்பு வராதது தசை இறுக்கத்தால். ஆனால் கச்சேரியை விட்டது வேறு. அது மனச்சோர்வாக இருக்கலாம், அதுவும் இந்த நோயின் பகுதிதான். மூளையில் ரசாயனம் மாறுவதால் வருவது. சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வந்துவிடும். அதற்கும் சிகிச்சை உண்டு. 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று பேசினால், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரை போட்ட நேரம், பார்வை மங்கிய நேரம், மனசு படபடத்த நேரம், மூன்றையும் எழுதுங்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால்தான் பார்வையும் மனசும் மோசமாகிறது என்றால், நேரத்தையோ அளவையோ டாக்டர் மாற்றிப் பார்ப்பார். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.