நுண்கணிதத்துக்கு முன் எத்தனை வகுப்பு?

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 39. பிளஸ் டூவில் கணக்குப் பாடம் இருந்தது, சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேறினேன். பிறகு பி.காம். இந்த ஆண்டு ஆசைப்பட்டு அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். முதல் தாளே நுண்கணிதம். பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. அடித்தளம் சரியில்லை என்று ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வரிசையாகப் போட்டுவருகிறேன். நான்கு மாதத்தில் எட்டாம் வகுப்பு முடியப்போகிறது. தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம். இது சரியான வழிதானா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

இல்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை இன்றே மூடுங்கள்.

கல்லூரியில் பல வருஷம் முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள் திருத்தியவன் நான். நுண்கணிதத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் நுண்கணிதத்தில் அல்ல, நடுவே வரும் பள்ளிக்கூடக் கணக்கில். அதை வைத்து ஆறாம் வகுப்புக்குத் திரும்பச் சொல்வது, கூரையில் ஒரு ஓடு உடைந்ததற்கு வீட்டையே இடிப்பது போல. உடைந்த ஓடு எது என்று தெரியவேண்டும். அது மழை பெய்தால்தான் தெரியும்.

ஒன்றை எடுங்கள். 1/எக்ஸ் என்ற சார்பு, எக்ஸ் 2 ஆக இருக்கும்போது என்ன வேகத்தில் மாறுகிறது? ஹெச் என்ற ஒரு சின்ன அளவை எடுத்துக்கொண்டு, வரையறைப்படி 1/(2+ஹெச்)-இலிருந்து 1/2-ஐக் கழித்து, ஹெச்சால் வகுத்து, ஹெச்சைப் பூஜ்யத்தை நெருங்கவிட வேண்டும். பின்னக் கழித்தலில் மேலே வருவது 2 − (2+ஹெச்). இங்கேதான் வகுப்பில் பாதிப் பேர் அடைப்புக்குறியை மறந்து 2 − 2 + ஹெச் என்று எழுதுவார்கள். விடை +1/4 என்று வரும். சரியான விடை −1/4. எல்லை (ஹெச் பூஜ்யத்தை நெருங்கும்போது விடை எதை நெருங்குகிறது என்பது), வகைக்கெழு (அந்த மாறும் வேகம்) என்ற நுண்கணித வேலையெல்லாம் தப்பாகப் போட்டவருக்கும் சரியாகப் போட்டவருக்கும் ஒன்றுதான். தவறு ஏழாம் வகுப்புத் தவறு.

ஒரு நொடி யோசித்திருந்தால் அதையும் பிடித்திருக்கலாம். 1/2-க்கு அடுத்து 1/3. குறைந்துகொண்டே போகிற ஒன்றுக்கு வேகம் எப்படிக் கூட்டல் குறியில் வரும்?

ஆகவே நுண்கணிதப் புத்தகத்தையே திறங்கள். ஒவ்வொரு தவறுக்கும் நோட்டின் ஓரத்தில் ‘பள்ளி’ அல்லது ‘கல்லூரி’ என்று குறியுங்கள். முப்பது கணக்கு போட்டதும் உங்கள் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அநேகமாக அடைப்புக்குறி, பின்னம், அடுக்கு (வர்க்கமூலம் என்பது 1/2 அடுக்கு என்பது உட்பட), காரணிப்படுத்தல், நேர்கோட்டின் சாய்வு, மடக்கை, கொஞ்சம் முக்கோணவியல். இவ்வளவுதான். கணங்களும் புள்ளியியலும் இந்தத் தாளுக்குக் காத்திருக்கலாம். முக்கோணவியலில் ஒரு எச்சரிக்கை: சைனை வகையிட்டால் கொசைன் என்பது கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டுமே. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் கூடவே ஒரு π/180 வந்து நிற்கும். நானே ஒருமுறை கரும்பலகையில் இதில் மாட்டிக்கொண்டு, பையன்கள் முன் அசடு வழிந்திருக்கிறேன்.

எப்சிலான்–டெல்டா, அதாவது எல்லைக்கான கறாரான வரையறை, வந்தால் பயப்படாதீர்கள், முதல் வாசிப்பில் தாண்டிப்போங்கள். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் வகைநுண்கணிதக் கட்டுரையை வெளியிட்டது 1684-ல். எல்லை என்ற கருத்தின் மேல் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி கோஷி புத்தகம் போட்டது 1821-ல். இடையில் 1734-ல் பார்க்லி என்ற பாதிரியார், இந்த மறைந்துபோகும் சின்ன அளவுகள் என்ன, செத்துப்போன அளவுகளின் ஆவிகளா என்று கிண்டலடித்தார். நியாயமான கிண்டல்தான். ஆனாலும் அந்த 137 ஆண்டுகளும் ஆய்லர் முதலானோர் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். தேர்வுக்கு முன் நீங்கள் திரும்பி வந்து அதைப் படித்தால் போதும்.

இன்னொன்று. உங்களுக்கு நுண்கணிதம் தெரியாது என்கிறீர்கள். உங்கள் கேஷ் புக்கில் தினமும் பணம் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று இருக்கும். மாதம் முழுக்க அவற்றைக் கூட்டினால் என்ன வரும்? இறுதி இருப்பில் தொடக்க இருப்பைக் கழித்தது. வராவிட்டால் இரவு எட்டு மணியானாலும் உங்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் இதுதான். நாளை மணியாக்கி, மணியை நொடியாக்கி, நொடியையும் நறுக்கிக்கொண்டே போகிறார்கள். ஏற்ற இறக்கத்தின் வேகம் வகைக்கெழு, அதைக் கூட்டிச் சேர்ப்பது தொகையிடல். பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைப் புரியவைக்க நான் படாதபாடு பட்டிருக்கிறேன். அவனுக்கு இருப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

இன்று இரவு ஒரு கணக்கு: ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம், எக்ஸ் 3 ஆக இருக்கும்போது. சூத்திரம் வேண்டாம், வரையறையிலிருந்து போடுங்கள். −2/27 வரவேண்டும். கூட்டல் குறி வந்தால் எந்த வரியில் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.